எந்த ‘இடம்’? துறை அணிகளின் கூடைப்பந்து ஆள்சேர்ப்பில் ஒரு சொல்லை வாசித்தல்

சென்னையின் துறை அணிகள், அதாவது ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்துச் சேர்க்கும் ரயில்வே போன்ற துறைகளின் அணிகள், சான்றிதழைப் பார்த்து ஆளெடுக்கின்றன. தம் ஆட்டமுறைக்குப் பொருந்துகிறவர் யார் என்று தேடுவதில்லை. ஆகவே தான் புள்ளி எடுக்காமல் மற்றவரை ஆடவைக்கும் துணை ஆட்டக்காரர் என்ற கருத்தே நம் கூடைப்பந்துக்கு இறக்குமதிச் சரக்கு. இப்படியொரு வாசிப்பு ஏறத்தாழ முடிந்த முடிவாகவே நிலவுகிறது. சான்றிதழ் பார்க்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் எழுதியிருப்பதை இந்த வாசிப்பைச் சொல்பவர்கள் நிதானமாகப் படித்தார்களா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான மத்திய அரசின் நெறிமுறைகள் 2013 அக்டோபரில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. நாட்டுக்கு ஆடியவர், மாநிலத்துக்கு ஆடியவர், பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், பள்ளி அணியில் ஆடியவர் என்று முன்னுரிமை இறங்கி வருகிறது. நால்வருக்கும் நான்கு படிவங்கள். போட்டி எங்கே, எந்த நாள்களில் நடந்தது என்பதற்குப் பின், அப்போட்டியில் அந்த நபரோ அணியோ பெற்ற இடம் எது என்று படிவம் கேட்கிறது. ‘நபரோ அணியோ’ என்ற அந்த இரட்டைச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஓட்டக்காரருக்கு அது அவர் ஓடிப் பெற்ற இடம். கூடைப்பந்து ஆட்டக்காரருக்கோ அணி பெற்ற இடம்தான் அவருடைய இடம். ஆட்டத்துக்கு முப்பது புள்ளி எடுத்தவரும், பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்டிய பன்னிரண்டாமவரும் ஒரே தாளோடு ஊர் திரும்புகிறார்கள். எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை ரிபவுண்ட் பிடித்தார் என்று எழுத அதில் கோடு கிடையாது.

ஆக, சான்றிதழ் நட்சத்திரத்தைத் தேடுகிறது என்ற, அந்த வாசிப்புக்கு அடியில் இருக்கும் முற்கோள் இங்கேயே ஆட்டம் காண்கிறது. யார் நட்சத்திரம் என்பது சான்றிதழுக்குத் தெரியாது. எண்ணிக்கையில் அகப்படாத ஆட்டக்காரரைத் தண்டிக்காத ஒரே தாள் அதுதான் என்றுகூடச் சொல்லலாம். அமெரிக்கத் தொழில்முறை அணிகள், வழக்கமான புள்ளிக்கணக்கில் பெரிதாகத் தெரியாத ஷேன் பேட்டியர் போன்ற ஆட்டக்காரர்களின் மதிப்பைக் கண்டுகொள்ளப் புள்ளிவிவர வல்லுநர்களை வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது. நம் படிவம் தெரியாமலே அந்த நியாயத்தைச் செய்துவிடுகிறது.

அப்படியானால் தேர்வு நடப்பது எங்கே? ரயில்வே வாரியம் 2010ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட கொள்கை மதிப்பெண்களை இப்படிப் பிரிக்கிறது: விளையாட்டுச் சாதனைக்கு 50, படிப்புக்கு 10, களச் சோதனைக்கு 40. களச் சோதனையில் 25 எடுக்காதவர் அடுத்த கட்டத்துக்கே போக முடியாது. ஒரே மாநில அணியிலிருந்து இருவர் வந்தால் அந்த 50 இருவருக்கும் ஒன்றேதான். படிப்பில் பெரிய வித்தியாசம் வராது. பிரிப்பது 40தான். அந்த 40க்குள் ஆட்டத் திறன், உடல்தகுதி ஆகியவற்றோடு பயிற்சியாளரின் அவதானிப்பும் சேர்ந்தே வருகிறது. இதோடு ஆள்சேர்ப்பு அறிவிக்கையையும் வைத்துப் படிக்க வேண்டும். கூடைப்பந்து என்பதோடு பெரும்பாலும் அது நிற்பதில்லை. கார்டு, ஃபார்வர்டு, சென்டர் என்று ஆடும் இடத்தையும் சொல்லிவிடுகிறது. தமிழில் இரண்டுமே ‘இடம்’. படிவம் கேட்பது தரவரிசை இடம், அறிவிக்கை கேட்பது களத்தில் நிற்கும் இடம். முந்தைய வாசிப்பு முதல் இடத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தவறவிட்டது. அணியின் ஆட்டமுறை அலுவலகக் காகிதத்தில் வாய் திறப்பது அந்த ஒற்றைச் சொல்லில்தான்.

களச் சோதனையில் துணை ஆட்டக்காரர் எடுபடமாட்டார் என்பார்கள். ஓரளவு உண்மை. முன்பின் அறியாத பத்துப் பேரை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டால் எல்லோரும் கூடையைத்தான் பார்ப்பார்கள், பாஸ் வராது. ஆனால் பார்க்கிறவர் யார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணலியில் ஒரு சிமெண்டுக் களத்தில் பல மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன். 1969இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையின் தீ தூரத்தில் எரியும். வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வளையத்தில் வலை இருக்காது. பதினொரு புள்ளி ஆட்டம். நெட்டையான ஒரு பையன் பந்தைத் தொடாமலே எதிராளியின் வழியில் போய்ச் சுவர்போல் நின்றான்; ஸ்கிரீன் வைப்பது என்பார்கள் இதை. அவன் தோளை உரசிக்கொண்டு புகுந்த குட்டைப் பையன் கூடையில் போட்டான். கைதட்டல் குட்டைக்கு. என் பக்கத்தில் இருந்தவர் ஒரு காலத்தில் துறை அணிக்கு ஆடியவர், இப்போது முட்டியில் பட்டை கட்டியிருப்பவர். “போட்டவனை உடு சார், மறைச்சு நின்னான் பாரு, அவன்தான் பிளேயரு” என்றார். களச் சோதனையில் கரையோரம் நிற்பவர்களும் இப்படிப்பட்டவர்களே. ஒரு களத்தின் சாட்சியை வைத்து எல்லாத் துறைகளுக்கும் தீர்ப்பெழுத நான் துணியவில்லை. ஆனால் ஸ்கிரீன் வைத்துத் தோள் வலித்தவருக்கு இன்னொருவர் ஸ்கிரீன் வைப்பது கண்ணில் படாது என்று யாராவது வாதிட்டால் அவரோடு பேச எனக்கு ஒன்றுமில்லை.

சிபாரிசுதான் எல்லாம் என்ற வழக்கமான மறுப்பு இங்கே உதவாது. சிபாரிசும் அந்த 40 வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். அறிவிக்கையில் சென்டர் என்று இருந்தால் சிபாரிசுக்கும் ஆறரை அடி உயரம் தேவைப்படும்.

இதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. தொழில்முறை அணி பொருந்தாதவரை அடுத்த பருவத்தில் அனுப்பிவிடலாம். துறை அணியில் வேலைக்குச் சேர்ந்தவர் முட்டி போனபின்னும் மேசையில் இருப்பார், அறுபது வயது வரை. ஓர் இடத்தில் தவறான ஆளை எடுத்துவிட்டால் அந்தப் பள்ளத்தைப் பத்தாண்டு சுமக்க வேண்டும். பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் போன்ற இடங்களின் அணிகளில் ஆளெடுப்பது விடுமுறைக்கால வாடகை அல்ல, பெண் கொடுப்பது மாதிரி. பொருத்தம் பார்க்கும் நிர்ப்பந்தம் நமக்குக் குறைவு என்பது தலைகீழான வாதம். நமக்குத்தான் அது அதிகம்.

அதன் சுமை ஆட்டக்காரர் மேலும் விழுகிறது. ரயில்வேயின் திறந்த சந்தை ஆள்சேர்ப்புக்கு வயது வரம்பு 18 முதல் 25. மணலியின் அந்த நெட்டைப் பையனிடம் மாநில அணிச் சான்றிதழ் இருக்கிறது. கடைசியாக அவன் எனக்குப் போனில் காட்டிய அறிவிக்கையில் ‘பாயிண்ட் கார்டு – 1’ என்று இருந்தது. அவனுக்கு இப்போது 23.