சமூக விசாரணை அறிக்கை: கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகள்

ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட ஒரு குழந்தை யார், எந்த ஊர், யார் கையில் சிக்கியது, வீட்டுக்கு அனுப்பினால் பத்திரமாக இருக்குமா என்று சமூகப் பணியாளரோ நன்னடத்தை அலுவலரோ விசாரித்து, குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதிக் கொடுப்பதே சமூக விசாரணை அறிக்கை. இந்தியாவில் இன்று இது இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் கீழ் வருகிறது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த அறிக்கை பொதுவானது. ஆனால் கடத்தப்பட்ட சிறுமிகளைப் பொறுத்தவரை நெடுங்காலம் விசாரிக்கப்பட்டது அவர்களுடைய ஒழுக்கம்தான்; அவர்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி தாமதமாகவே வந்தது.

குழந்தைகள் சட்டம் என்ற பெயரில் தனிச்சட்டம் இந்தியாவில் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில், 1920-இல். வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. குற்றம் செய்த சிறுவனும் ஆதரவற்றுத் திரிந்த சிறுமியும் அன்று ஒரே நீதிமன்றத்தின் முன் நின்றார்கள். 1930-இல் விபச்சாரத் தடுப்புச் சட்டத்தையும் சென்னை மாகாணம் இயற்றியது. சட்டம் மீட்டுவிடும், பிறகு எங்கே தங்குவது என்ற கேள்வி எஞ்சி நின்றது. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய பெண் பிள்ளைகளை விடுதிகள் சேர்க்க மறுத்தபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் உருவானது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு மனிதர்களை வாங்கி விற்பதைத் தடை செய்தது. 1956-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 1986-இல் திருத்தப்பட்டு, ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் என்று இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 17-ஆம் பிரிவு மீட்கப்பட்ட பெண்ணின் வயது, நடத்தை, முன்வரலாறு ஆகியவற்றையும், பெற்றோரோ கணவரோ அவளைப் பொறுப்பேற்கத் தகுதியானவர்களா என்பதையும் விசாரிக்கச் சொல்கிறது. மாஜிஸ்திரேட்டுக்கு உதவ மரியாதைக்குரிய ஐந்து பேரை அழைக்கலாம். முடிந்தவரை அவர்களில் மூவர் பெண்களாக இருக்க வேண்டும். ஏமாற்றி விற்கப்பட்ட பதினைந்து வயதுப் பெண்ணின் 'நடத்தை' பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்தால் என்ன பதில் வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சமூகப் பணி ஒரு படிப்பாக 1956-க்கு முன்பே வேரூன்றிவிட்டது. மும்பையில் 1936-இல் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனமும், சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சமூகப் பணிப் பள்ளியும் தோன்றின. என்றாலும் மீட்புக்குப் பிந்தைய வேலையில் எவ்வளவு போதாமை இருந்தது என்பதை 1996 பிப்ரவரி காட்டிக்கொடுத்தது. மும்பையின் விபச்சார விடுதிகளில் நடந்த சோதனைகளில் 400-க்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் ஒரே வீச்சில் மீட்கப்பட்டார்கள். பலர் நேபாளத்தவர். அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள அந்நாட்டு அரசு தயங்கியதால் காப்பகங்களிலேயே மாதங்கள் கழிந்தன. கடைசியில் நேபாளத் தொண்டு நிறுவனங்கள்தாம் முன்வந்தன. அதே ஆண்டு, அதே நகரில், டாடா நிறுவனத்தின் களப்பணியாக ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய 1098 உதவி எண் பிற்பாடு நாடெங்கும் பரவியது.

2000-இல் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஐ.நா.வின் பாலர்மோ நெறிமுறை, 18 வயதுக்குட்பட்டவர் சுரண்டலுக்காகக் கொண்டுசெல்லப்பட்டால் அவர் 'சம்மதித்தார்' என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது. அதே ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், மாவட்டந்தோறும் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழுக்களுக்கு வழி செய்தது. பழைய பழக்கம் உடனே போய்விடவில்லை. 2002-இல் பிரேரணா என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டியிருந்தது: மீட்கப்பட்ட சிறுமி மாஜிஸ்திரேட்டிடம் அல்ல, குழந்தைகள் நலக் குழுவிடமே போக வேண்டும், தகுதியானவர் என்று விசாரணையில் தெரிந்த பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோதான் ஒப்படைக்க வேண்டும், தரகருக்காகவும் விடுதி நடத்துபவருக்காகவும் வாதாடுகிற வழக்கறிஞர் அதே வழக்கில் சிறுமிக்காக ஆஜராகக் கூடாது. இந்த மூன்றாவது கட்டளை ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தாலே அன்றைய நிலைமை புரிந்துவிடும்.

இப்போதைய நடைமுறைப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். விசாரணை அறிக்கைக்குக் கெடு 15 நாள். குழுவின் இறுதி உத்தரவுக்கு நான்கு மாதம். அறிக்கைக்குப் படிவம் 22, அதையொட்டிய தனிநபர் பராமரிப்புத் திட்டத்துக்குப் படிவம் 7. முதல் சிக்கல் வயது. பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை என்கிறது 94-ஆம் பிரிவு. எலும்புப் பரிசோதனை இரண்டு ஆண்டு முன்பின் தவறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

அடுத்தது பேச்சு. ஜெய்ப்பூரின் வளையல் பட்டறைகளிலிருந்து மீட்கப்படும் பிகார் சிறுவர்களில் பலர் முதல் நாள் சொல்வது சொல்லிக்கொடுத்த பாடம்: "எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, இவர் என் மாமா, ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன்." அனுபவமுள்ள பணியாளர் அதை மறுத்துப் பேசுவதில்லை. சாப்பிட வைத்து, தூங்க விட்டு, அந்தப் பிள்ளையின் மொழி தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு, ஊரில் என்ன திருவிழா, பள்ளியில் எந்த வகுப்பு வரை போனாய், பேருந்து எங்கே நிற்கும் என்று தொடங்குவார். ஊரும் வயதும் பெரும்பாலும் இந்த வழியில்தான் வெளிவருகின்றன. போலீஸ் உடையில் இருப்பவர் முன்னால் இந்தப் பேச்சு நடக்கக் கூடாது; பட்டறை முதலாளி அதே வராந்தாவில் நின்றால் நடக்கவே நடக்காது.

விசாரணையின் உயிர்நிலை வீட்டு ஆய்வு. பெற்றோர் முன்பணம் வாங்கியிருக்கிறார்களா, கடன் இன்னும் நிற்கிறதா, தரகர் அதே தெருக்காரரா என்று தெரியாமல் பிள்ளையை ரயிலேற்றினால், அடுத்த பருவத்தில் அது வேறொரு பட்டறையில் இருக்கும். மீட்பு ஒரு மாநிலத்தில், வீடு இன்னொரு மாநிலத்தில் என்பதால், இந்த ஆய்வைச் செய்பவர் குழந்தையைப் பார்த்தே இராத வேறொரு மாவட்ட அலுவலர். கடிதம் போய்த் திரும்பவே கெடு முடிந்துவிடுவதால், பெற்றோரின் கையெழுத்தும் ஆதார் நகலும் வீட்டு ஆய்வாகிவிடுகின்றன. நூறாண்டு வரலாற்றில் இன்னும் சரிசெய்யப்படாத இடம் இதுதான்.

ஆதரவு என்பதில் தங்குமிடமும் ஆற்றுப்படுத்துநரும் மட்டும் அடங்குவதில்லை. பாலியல் குற்றம் நடந்திருந்தால் போக்சோ விதிகளின்படி வழக்கு முடியும்வரை கூடவே இருக்கும் ஆதரவாளரைக் குழு நியமிக்கலாம். கொத்தடிமையாக இருந்த பிள்ளைக்கு விடுதலைச் சான்றிதழ் வேண்டும். கொத்தடிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுத் திட்டப்படி குழந்தைகளுக்கு 2 லட்சம் ரூபாய், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையில் 3 லட்சம் ரூபாய் மறுவாழ்வு உதவி உண்டு. முழுத்தொகை குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருப்பதால், பலருக்கு முதலில் கிடைப்பது உடனடி உதவித்தொகை மட்டுமே. இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுபவருக்கு 21 வரை பின்னாள் பராமரிப்பு தரச் சட்டம் இடமளிக்கிறது.

2009-இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலகுகளை ஏற்படுத்தியது. இன்று அது மிஷன் வாத்சல்யா என்ற பெயரில் நடக்கிறது. மேற்சொன்ன விசாரணைகளின் சுமை இந்த அலகுகளின் மீதே விழுகிறது. அங்கே பணியாற்றுபவர்களில் பெரும்பாலோர் இன்றும் ஒப்பந்தப் பணியாளர்களே.