சீசரின் முகத்தில் உளி!

உழவன் ஏர் ஓட்டுகிறான். கொழுவில் ஏதோ இடறுகிறது. தோண்டிப் பார்க்கிறான், மண்கலயம்! உள்ளே மஞ்சள் ஒளி! 'புதையல் காத்த பூதம் வழிவிட்டது' என்கிறார் ஒருவர். 'இல்லை, அம்மன் அருள்' என்கிறார் மற்றொருவர். வழக்கு முடிவதற்குள் காசுகள் தட்டானின் உலைக்குப் போய்விடுகின்றன. ஈராயிரம் ஆண்டுச் சான்று, ஒரே இரவில் இரண்டு வளையல்!

உலைக்குத் தப்பியவையும் உண்டு. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் 500-க்கு மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. இவற்றைப் பூதமா கொண்டுவந்து புதைத்தது? காசையே கேட்போம். அதற்கு வாய் இல்லை. ஆனால் முகம் உண்டு, எழுத்து உண்டு, எடை உண்டு.

முதலில் எழுத்து. உரோமர் சொற்களைச் சுருக்கிப் பொறிப்பர். 'யு' எழுத்தின் இடத்தில் 'வி' எழுத்தை இடுவர். இந்த இரண்டையும் அறிந்தால் பாதிப் பூட்டுத் திறந்துவிடும். தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும் வெள்ளிக் காசு ஒன்றில், இலைமாலை சூடிய தலையைச் சுற்றி, 'தெய்வ அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்' என்றிருக்கும். மறுபுறம் அமர்ந்த பெண்ணுருவம். சுற்றிலும் 'தலைமைப் பூசாரி' என்னும் பட்டம். பார்த்தீர்களா, மன்னனே பூசாரி. மன்னனின் தந்தையே தெய்வம்! கி.பி. 14-இல் மாண்ட அகஸ்டசைத் தெய்வமாக்கியது வானத்து அசரீரி அல்ல, செனட் சபையின் தீர்மானம். டைபீரியசோ பெற்ற மகனும் அல்ல, தத்துப்பிள்ளை!

அடுத்து எண். மன்னன் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்ட மக்கள் காவலர் அதிகாரம், 'டி.ஆர்.பி.' என்ற மூன்று எழுத்தாலும் ஓர் எண்ணாலும் காட்டப்படும். கிளாடியஸ் அரியணை ஏறியது கி.பி. 41. அவன் காசில் அந்த எழுத்துகளுக்குப் பின் 6 என்றிருந்தால், அது அடிக்கப்பட்டது 46-47. சோதிடம் தேவையில்லை, கூட்டல் போதும்.

மூன்றாவது எடை. ஓர் உரோம இராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த நாடு, கி.பி. 64-ஐ ஒட்டி நீரோ செய்த மாற்றத்துக்குப் பின் 96 அடித்தது. முகம் பெரியது, வெள்ளி சிறியது! இங்கே கிடைக்கும் வெள்ளிக் காசுகளில் மிகப்பெரும்பாலானவை அதற்கு முந்தைய அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நம் வணிகர் மன்னன் பெயருக்கு மயங்காமல் நிறையும் மாற்றும் பார்த்தே வாங்கினர் என ஆய்வாளர் பலர் கருதுவர்.

நான்காவது விளிம்பு. அச்சில் வார்த்த போலிக்கு விளிம்பில் ஒட்டுக்கோடும் மேனியில் குமிழ்ப்புள்ளிகளும் காட்டிக்கொடுக்கும். செம்பின்மேல் வெள்ளி போர்த்த காசு, தேய்ந்த இடத்தில் தன் சாயத்தை வெளியிடும்.

புதுக்கோட்டைக் காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு! உலோகத்தைச் சோதிக்கவா, காசு மீண்டும் செலாவணியில் புகாமல் தடுக்கவா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. எதுவாயினும், உரோமாபுரியில் வணங்கப்பட்ட முகம், இங்கே வெறும் பொன்னாக எண்ணப்பட்டது.

இனி எச்சரிக்கை ஒன்று, நமக்கே உரியது. அந்தக் குவியலின் கடைசி மன்னன் வெஸ்பாசியன். அவன் ஆட்சி தொடங்கியது கி.பி. 69. ஆகவே அதற்குமுன் அது புதைக்கப்படவில்லை. எத்தனை ஆண்டு கழித்துப் புதைத்தனர் என்பதைக் காசு மட்டும் சொல்லாது. காசு கிடைத்த ஊரிலெல்லாம் யவனர் குடியிருந்தனர் என்பதும் அதனால் மெய்ப்படாது. காசு கைமாறிக் கைமாறி நெடுந்தொலைவு செல்லும். இனிக்கும் முடிவு என்பதற்காகச் சான்றை இழுத்து நீட்டினால், பூதக்கதை சொன்னவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

ஆகவே தோழர்களே, காசு கிடைத்தால் புளியிட்டுத் தேய்க்காதீர். எழுத்தும் சேர்ந்து தேயும். கிடைத்த இடம், கலயம், உடன் கிடந்த பொருள் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். உருக்கிய பொன்னை மீண்டும் வாங்கலாம். உருகிய வரலாற்றை எந்தக் கடையில் வாங்குவது?