கோட்டு வாங்கி வைக்கக் காசு கேட்காத மனிதர்

பாரிஸில் துறோக்கடெரோ பக்கம் ஒரு றெஸ்ரோறன்டில் பதினொரு வருசமாக வேலை செய்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது குசினியில் சமைக்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவெளி. வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. ஷையோ மாளிகைக்கு முன்னால் போய்க் குந்தியிருப்பேன். எல்லோரும் ஈபிள் கோபுரத்தைப் படமெடுக்கிற இடம் அது. முதுகுக்குப் பின்னால் இருக்கிற கட்டடம் என்னவென்று கனகாலம் எனக்குத் தெரியாது.

1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது அந்த மாளிகையில்தான். அகதி வழக்குக்கு அலைந்த நாட்களில் யாரோ சொன்னார்கள். அதற்குள் பெரிய நாடக அரங்கு ஒன்று இருப்பதையும், அதை 12 வருடம் நடத்திய ழான் விலார் என்ற மனிதரைப் பற்றியும் பிறகுதான் வாசித்தேன்.

விலார் 1912 இல் தெற்குப் பிரான்சில் சேத் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். தகப்பனுக்கு நூல், பொத்தான் விற்கிற சின்னக் கடை. 1932 இல் படிக்கவென்று பாரிஸ் வந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவர்களை மேற்பார்வை பார்க்கும் வேலை செய்துகொண்டு இலக்கியம் படித்தார். ஷார்ள் துலான் என்ற நாடகக்காரரின் ஒத்திகையைப் பார்க்கப் போன நாளோடு மனம் படிப்பை விட்டுப் போய்விட்டது. (என் படிப்பும் பாதியில் போனதுதான். யாழ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம், 2006 இல் ஏ-9 பாதை பூட்டின கையோடு. அவரை இழுத்தது நாடகம், என்னைத் துரத்தியது யுத்தம். ரெண்டும் ஒன்றல்ல.)

1947 இல் அவினியோன் நகரில் பழைய பாப்பரசர் மாளிகையில் ஓவியக் கண்காட்சி ஒன்று. அதோடு ஒரு நாடகமும் போட முடியுமா என்று விலாரைக் கேட்டார்கள். அந்த முற்றம் நாடகத்துக்குச் சரிவராது என்று முதலில் மறுத்தார். பிறகு அவரே திரும்பி வந்து, ஒன்றல்ல, மூன்று நாடகம் போடுகிறேன் என்றார். மேடை அடித்துக் கொடுத்தது இராணுவப் பொறியியல் படை. அந்த ஒரு வாரம்தான் இன்றைக்கு உலகமே யூலை மாதத்தில் போகிற அவினியோன் விழாவாக வளர்ந்தது.

1951 இல் ழான்ன் லோரான் என்ற பெண் அதிகாரி, ஷையோவில் இருந்த தேசிய மக்கள் அரங்கை விலாரிடம் கொடுத்தார். (அடுத்த வருடமே அந்த அம்மாவைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.) நட்டம் வந்தால் விலார் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். எங்கள் சங்கத் தலைவர்களிடம் இப்படி ஒரு தாளை நீட்டினால் எத்தனை பேர் கையெழுத்து வைப்பார்கள்?

அந்த மனிதர் முதலில் மாற்றியது நாடகத்தையல்ல, வாசலை. ஆட்டம் இரவு 8 மணிக்குத் தொடங்கும், புறநகர்த் தொழிலாளி மெற்றோ பிடித்து வீடு போய்ச்சேர வேண்டும் என்பதற்காக. வேலை முடிந்து நேரே வருகிறவர்களுக்கு அங்கேயே மலிவாகச் சாப்பாடு. கோட்டு வாங்கி வைக்கக் காசில்லை. இருக்கை காட்டுகிறவர்களுக்கு ரிப்ஸ் கொடுக்கக் கூடாது. நாடகத்தின் முழுப் பிரதியும் மலிவு விலையில். பிந்தி வந்தால், யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். பத்திரிகை விமர்சகர்களுக்கு முன்னமே தொழிலாளர் அமைப்புகளுக்கு நாடகத்தைக் காட்டினார்கள்.

றெஸ்ரோறன்டில் வேலை செய்கிறவனுக்கு இது உடனே விளங்கும். ஏழை மனிதன் வாசலில் நின்று யோசிப்பது ரிக்கெற் விலையை மட்டுமல்ல. உள்ளே போனால் வேறென்ன காசு கேட்பார்கள், எவ்வளவு ரிப்ஸ் வைக்க வேண்டும், என் கோட்டைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் யோசிப்பான். அந்தப் பயத்தை ஒவ்வொன்றாக எடுத்தவர் விலார்.

1951 நவம்பரில் சுரேன் என்ற புறநகரில் தொடங்கினார்கள். கொர்னேயின் 'லு சித்', பிறெக்ற்றின் 'கரேஜ் தாய்'. அந்த நேரம் பிரான்சே கொண்டாடிய சினிமா நடிகர் ழெரார் பிலிப் அங்கே சாதாரணச் சம்பளத்துக்கு நடித்தார். சுவரொட்டியில் பெயர்கள் அகரவரிசைப்படிதான். 12 வருடத்தில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

எல்லாம் வெற்றி என்று சொல்ல வரவில்லை. பிறெக்ற்றைப் போட்டதற்கு கொம்யூனிஸ்ட் என்று திட்டினார்கள். மறுபக்கம் சார்த்தர், இது தொழிலாளருக்கான அரங்கே இல்லை என்று 1955 இல் குறை சொன்னார். அதில் உண்மையும் இருந்தது, வந்தவர்களில் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும்தான் கூட. 1963 இல் விலார் ஷையோவை விட்டு விலகினார். 1968 இல் அவினியோனில் இளைஞர்கள் அவர் பெயரைப் போர்த்துக்கல் சர்வாதிகாரி சலசாரின் பெயரோடு சேர்த்துக் கோசம் போட்டார்கள். அந்த வருடமே மாரடைப்பு. 1971 இல் சொந்த ஊரில் இறந்தார், 59 வயது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் நம்மவர் அமைப்பொன்றின் கலைவிழாவுக்கு என்னைக் குழுவில் போட்டார்கள். அழைப்பிதழில் 4 மணி. பிரதம விருந்தினர் வர ஐந்தே முக்கால். முன்வரிசைச் சோபாக்கள் பாதி வெறுமை. ஆறு பேருக்குப் பொன்னாடை, எட்டுப் பேர் பேச்சு. பின்னால் ஒரு தாய் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தா. இரவு துப்பரவு வேலைக்கு ரயில் பிடிக்க வேண்டும். மூத்த பிள்ளை சலங்கை கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் காத்திருக்க, ஆட்டத்தைப் பார்க்காமலே தாய் போய்விட்டா.

அடுத்த கூட்டத்தில், நேரத்துக்குத் தொடங்குவோம், முன்வரிசையை வேலைக்குப் போகிற சனத்துக்கு விடுவோம் என்றேன். தலைவர் சிரித்தார்.

"தம்பி, நீர் சாப்பாட்டுப் பக்கத்தைப் பாரும். கலையை நாங்கள் பாக்கிறம்."

அன்றைக்குப் பதில் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வரும்போது மெற்றோவில்தான் வந்தது. விலாரும் சாப்பாட்டுப் பக்கத்தைப் பார்த்தவர்தான் ஐயா.

இந்த வருசமும் சாப்பாடு என் பொறுப்புத்தான். அழைப்பிதழில் இந்த முறையும் 4 மணி என்றுதான் போட்டிருக்கிறார்கள்.