செப்புத் தகட்டில் வங்க நிலம்

செப்புத் தகட்டில் கோடு பொறித்து, மையூட்டி, தாளில் ஒற்றியெடுக்கும் ஓவியக்கலை கல்கத்தாவுக்கு நெடுநாள் பழக்கமானது. தாமஸ் தானியல் என்னும் ஆங்கிலேயரும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1786 முதல் 1788 வரை அந்நகரின் காட்சிகள் 12-ஐ அங்கேயே பொறித்து வெளியிட்டனர். அவற்றில் மாளிகைகள் உண்டு, தெருக்கள் உண்டு, நம் நாட்டு மக்களும் உண்டு. எனினும், அவை வந்தவர் கண்ட காட்சிகளே.

இந்நிலத்திற் பிறந்து, இக்கலையையே தம் தனிக்கலையாகக் கொண்ட முன்னோடி முகுல் தே. 1895-இல் கிழக்கு வங்கத்தில் பிறந்த அவர், சாந்திநிகேதனத்தில் கவி தாகூரின் நிழலில் வளர்ந்தார். 1916-இல் கவியுடன் ஜப்பானுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார். சிகாகோ நகரில் ஜேம்ஸ் பிளாண்டிங் ஸ்லோன் என்பாரிடம் தகட்டுப் பொறிப்பைக் கற்றார். 1920-க்குப் பின் லண்டனிலும் சில ஆண்டுகள் பயின்றார்.

பொறிப்பில் இரு முறைகள் உள. ஒன்றில், தகட்டின்மேல் மெழுகு பூசி, அதில் வரைந்து, அமிலத்தில் இடுவர். மெழுகு நீங்கிய இடத்தைச் செம்பில் அமிலம் அரிக்கும். மற்றொன்றில் அமிலம் இல்லை. கூரிய ஊசியால் வெறுந்தகட்டையே கீறுவர். ஏர் உழும்போது சாலின் ஓரம் மண் எழுவதுபோல, கோட்டின் ஓரம் செம்பு பிசிறாக எழும். அப்பிசிறு மையைப் பற்றிக்கொள்வதால், தாளில் கோடு பட்டுப்போல் மென்மையாகப் படியும். ஆனால், அழுத்துந்தோறும் பிசிறு தேயும். தெளிவான படிகள் மிகச் சிலவே கிட்டும். கையும் தவறலாகாது, ஆழக் கீறியதை அழிப்பது எளிதன்று.

முகுல் தேயின் புகழ் பெரிதும் இவ்விரண்டாம் முறையால் வந்தது. ஈரக்காற்றும் பனிமூட்டமும் சூழ்ந்த வங்கத்து ஆற்றங்கரைக்கு இதனினும் இசைந்த கோடு வேறில்லை என்றே தோன்றுகிறது. மேனாட்டிற் கற்ற கருவியைக் கொண்டு அவர் வரைந்தவை ஆற்றுப் படகுகள், பாடித் திரியும் பாவுல்கள், வீரபூம் மாவட்டத்துச் சந்தால் சிற்றூர்கள் ஆகியவை. வியப்பூட்டும் காட்சியாக அன்று, அன்றாட வாழ்வாகவே அவை தகட்டில் அமைந்தன.

1927-இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியின் தலைமையை ஏற்று, 1943 வரை அப்பொறுப்பில் இருந்தார். பின்னர்ச் சாந்திநிகேதனத்தில் ‘சித்ரலேகா’ என்னும் தம் இல்லத்தில் வாழ்ந்து, 1989-இல் மறைந்தார். இன்றைய கொல்கத்தாவில் வாழும் நம்மவர் பலர் சௌரங்கிச் சாலையில் உள்ள இந்தியக் காட்சிசாலைக்குச் சென்றிருப்பர். அதனை அடுத்து நிற்கும் ஓவியக் கல்லூரியே அவர் தலைமை வகித்த அப்பள்ளி.