கயிறு பிடித்தவரின் கடமை: போர்க்காலத்தில் படைவீரரும் நாமும்

முத்துக்குளிக்கும் தொழிலில் ஒருவர் தனித்து இயங்க முடியாது. ஒருவர் கல்லின் பாரத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு கடலடியிலுள்ள பாருக்கு இறங்குவார். மற்றொருவர் தோணியில் நின்று அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தவுடன் மேலே இழுத்துவிட வேண்டும். மேலே நிற்பவரின் கவனம் சிறிது சிதறினாலும் கீழே இருப்பவரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை எனப் பரந்து கிடக்கும் நமது முத்துக்கரையில் பரதவரும் முஸ்லிம்களும் நூற்றாண்டுகளாக இத்தொழிலைச் செய்து வந்தனர். 1961 ஆம் ஆண்டுடன் பெரும் முத்துக்குளிப்புகள் நின்றுபோயின. ஆயினும் அத்தொழில் கற்றுத்தந்த பாடம் இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது.

நாடு போரில் இறங்கும்போது எல்லையில் நிற்கும் படைவீரர் கடலுக்குள் இறங்கியவரைப் போன்றவர். ஊரில் இருக்கும் நாம் கயிற்றைப் பிடித்திருப்பவர்கள். இறங்கியது சரியா தவறா என்னும் விவாதத்தைத் தோணியில் இருப்போர் நடத்தலாம். அதற்காகக் கயிற்றைக் கைவிட எவருக்கும் உரிமை இல்லை. நம் முன்னோர் இக்கடமையை எவ்வாறு உணர்ந்திருந்தனர் என்பதை வரலாற்றின் துணையுடன் காண்போம்.

மதீனா காட்டிய வழி

போர் விரும்பத்தக்க ஒன்றன்று. பகைவரைச் சந்திக்க ஆசைப்படாதீர்கள், அல்லாஹ்விடம் நலத்தையே கேளுங்கள், சந்திக்க நேர்ந்துவிட்டால் உறுதியுடன் நில்லுங்கள் என்பதே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தந்த போதனையின் சாரம். அமைதியை நாடுவதும், போர் மூண்டபின் உறுதியாக நிற்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

ஹிஜ்ரத்திற்குப் பின் நபி (ஸல்) அவர்கள் ஏற்படுத்திய மதீனா உடன்படிக்கை நாம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதில் முஸ்லிம்களும் யூதர்களும் இடம்பெற்றனர். அவரவர் மார்க்கம் அவரவருக்கு. ஆனால் நகரைத் தாக்க எவரேனும் வந்தால் அனைவரும் சேர்ந்து காக்க வேண்டும், செலவையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பல சமயத்தார் சேர்ந்து வாழும் நாட்டில் பாதுகாப்பு என்பது அனைவர் தோளிலும் இறங்கிய பொறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேறில்லை.

ஹிஜ்ரி 5 இல் அகழ்ப்போரின்போது நபி (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். பசியோடு அகழ் தோண்டியவர்களுக்காக ஜாபிர் (ரலி) அவர்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது. காயமுற்ற சஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் மருத்துவம் நடந்தது. ஹிஜ்ரி 9 இல் தபூக் படை பெரும் நெருக்கடியில் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்கள் தம் செல்வத்தால் அதனை ஆயத்தப்படுத்தினார்கள். பின்னாளில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், வீரர்கள் தம் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலத்திற்கு ஒரு வரம்பு விதித்தார்கள். வாளேந்தியவர்களின் வரலாற்றோடு சமைத்தவர்கள், காயம் கட்டியவர்கள், பொருள் கொடுத்தவர்கள் ஆகியோரின் வரலாறும் இணைந்தே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கரை கைவிட்ட கடற்படை

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் நம் கடலுக்குள் நுழைந்தபோது அவர்களை எதிர்த்து நின்றவர்கள் கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள். மன்னர் இந்து, கடற்படைத் தலைவர்கள் முஸ்லிம்கள். அப்போராட்டம் முத்துக்கரையையும் தொட்டது. 1538 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மண்டபத்திற்கு அருகிலுள்ள வேதாளையில், மரைக்காயர்களின் கடற்படை மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசாவின் படையிடம் பெருந்தோல்வி கண்டது. முத்துக்குளிப்பு உரிமை குறித்து நமக்கும் அண்டை வீட்டாரான பரதவர்களுக்கும் இருந்த பூசல் அந்நியருக்கு வாய்ப்பாக அமைந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அத்தோல்விக்குப் பிறகும் மரைக்காயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடலில் போராடினர். அவர்களின் முடிவு கடலிலிருந்து மட்டும் வரவில்லை. நான்காம் குஞ்ஞாலிக்கும் சாமூதிரிக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்தது. மன்னர் போர்ச்சுகீசியருடன் உடன்பாடு செய்துகொண்டார். கோட்டை கடல்வழியே அந்நியராலும் தரைவழியே சொந்த மன்னரின் படையாலும் முற்றுகையிடப்பட்டது. 1600 இல் சரணடைந்த குஞ்ஞாலி கோவாவிற்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். மன்னர் பக்கமும் குஞ்ஞாலி பக்கமும் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் தலைவர்களின் பிணக்கு போர்வீரனின் முதுகுக்குப் பின்னால் தீர்க்கப்பட்டபோது, இழந்தது இருவரும்தான். இன்று இந்தியக் கடற்படை மும்பையிலுள்ள தன் தளமொன்றிற்கு ஐ.என்.எஸ். குஞ்ஞாலி என்று பெயரிட்டு அவர்களை நினைவுகூர்கிறது.

ஒரே மகனை அளிக்க முன்வந்தவர்

நம் காலத்திற்கு வருவோம். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர்கள். தூத்துக்குடியும் காயல்பட்டினமும் அப்போது அதே திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஒத்துழையாமை இயக்கத்திற்காகக் கல்லூரிப் படிப்பைத் துறந்த அவர்கள், 1948 இல் சென்னையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் முதல் தலைவரானார்கள். பிரிவினையின் காயம் ஆறாத காலம் அது. அப்பெயரைத் தாங்கிய கட்சியையும் அதன் தலைவரையும் பலர் ஐயத்துடன் நோக்கினர். அரசியல் நிர்ணய சபையில் அவர்கள் ஆளுங்கட்சியோடு பல பொருள்களில் மாறுபட்டார்கள். தமிழின் தகுதிக்காகவும் அங்கே வாதாடினார்கள்.

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் எல்லையில் பெருந்தாக்குதல் தொடங்கின. அப்போது மஞ்சேரித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காயிதே மில்லத் அவர்கள், நாட்டின் பாதுகாப்பிற்காகத் தம் ஒரே மகன் மியாகானைப் படைக்கு அனுப்ப ஆயத்தமாக இருப்பதாகப் பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார்கள்.

அக்காலத்தில் இவ்வுணர்வு எங்கும் பரவியிருந்தது. தனிநாடு கோரிவந்த திராவிட முன்னேற்றக் கழகம் அக்கோரிக்கையை ஒதுக்கிவைத்து அரசுக்குத் துணை நின்றது. பெண்கள் தம் நகைகளைக் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு அளித்தனர். நவம்பர் 14 அன்று மக்களவை உறுப்பினர்கள் எழுந்து நின்று, ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றும் உறுதித் தீர்மானத்தை நிறைவேற்றினர்.

காயிதே மில்லத்தின் செயலைத் தேசபக்திச் சான்று என்று சிலர் போற்றுவர். அச்சொல் பொருந்தாது. சான்று என்பது ஐயுற்றுக் கேட்பவருக்குக் கொடுப்பது. சொந்த வீட்டைக் காப்பவன் எவரிடமும் சான்று காட்டுவதில்லை. மதீனாவாசிகள் தம் நகரைக் காத்ததுபோல் அவர்களும் தம் நாட்டைக் காக்க முன்வந்தார்கள். அது அவர்கள் சுமந்த அமானத்.

1948 ஜூலை 3 அன்று ஜங்கரில் உயிர்நீத்த பிரிகேடியர் முஹம்மது உஸ்மானும் அவ்வாறே நின்றவர். பாகிஸ்தான் படைக்கு வருமாறு விடுக்கப்பட்ட அழைப்பை மறுத்து, இந்தியப் படையிலேயே பணியாற்றியவர் அவர். 1965 செப்டம்பரில் கேம்கரண் பகுதியில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பேட்டன் டாங்கிகளைத் தகர்த்து, 10 ஆம் நாள் வீரமரணம் அடைந்தார் அப்துல் ஹமீது. அவர் தம் கம்பெனியின் குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். வீரர்களுக்குத் தேவையான பொருள்களை வழங்கும் பொறுப்பில் இருந்தவர். நாடு அவருக்குப் பரம்வீர் சக்கரம் அளித்தது.

நம் கரையின் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் விமானப்படை விமானியாக விரும்பித் தேர்வில் இடம் பெறாமல் போனவர்கள். ஆயினும் அக்னி, பிருத்வி ஏவுகணைகளின் உருவாக்கத்தில் தலைமையேற்று, படையில் சேராமலேயே படைக்கு வலுவூட்டினார்கள். 2004 இல் குடியரசுத் தலைவராகச் சியாச்சின் பனிமலைக்கே சென்று வீரர்களைச் சந்தித்தார்கள்.

ஆதரவு என்பது யாது?

அரசின் போர்க்கொள்கையை எதிர்ப்பவர் படைவீரரை ஆதரிக்க இயலுமா என்று இளைஞர்கள் கேட்கின்றனர். இயலும். 1962 இல் நம் வீரர்கள் பலர் பனிமலையில் போதிய குளிராடையின்றி நின்றனர். அதனைக் கேள்வி கேட்டவர்கள் வீரர்களின் பக்கமே நின்றார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலக நேர்ந்தது. கொள்கையைக் கேட்கும் இடம் நாடாளுமன்றமும் வாக்குச்சாவடியும். எல்லையில் நிற்கும் வீரன் அக்கொள்கையை வகுத்தவன் அல்லன். அவன் தன் உறுதிமொழியைக் காப்பவன். அவன் மனம் தளரும்படி பேசுவது அரசியலாகாது.

அதே வேளையில், நம் வீரரை நேசிப்பதற்கு எதிர்நாட்டு மக்களை வெறுக்க வேண்டியதில்லை. பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிமரங்களை வெட்டலாகாது என்று படைக்குக் கட்டளையிட்டு அனுப்பிய அபூபக்ர் (ரலி) அவர்களின் வழியினர் நாம்.

நாம் செய்யத்தக்கவை எளியவை. ஊரில் படைவீரர் குடும்பம் இருப்பின், எச்சமயத்தவராயினும், போர்நாள்களில் அவர்தம் வீட்டிற்குச் சென்று நலம் விசாரிப்பது ஜமாஅத்தின் பணியாகட்டும். டிசம்பர் 7 கொடிநாள் நிதிக்குப் பிள்ளைகளின் கையால் கொடுக்கச் செய்வோம். பாதுகாப்புப் பற்றிய செய்தி கிடைத்தவுடன் ஆராயாமல் பரப்புவோரைத் திருக்குர்ஆன் (4:83) கண்டிக்கிறது. கைப்பேசியில் வரும் வதந்திகளுக்கும் அது பொருந்தும். துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவரும் மருத்துவமனையில் இரவுப்பணி பார்ப்பவரும் போர்க்காலத்தில் தம் வேலையைக் குறைவின்றிச் செய்வதும் கயிற்றைப் பிடித்திருப்பதேயாகும். படையில் சேர விரும்பும் மகனையோ மகளையோ, நம்மவர்க்கு அங்கே இடமேது என்று சொல்லித் தடுக்காதிருப்போம். உஸ்மானும் ஹமீதும் அங்கே தம் இடத்தைப் பெற்றவர்களே.

வல்ல அல்லாஹ் நம் நாட்டிற்குப் போரற்ற நாள்களைத் தருவானாக. போர் வந்துவிட்டால், காத்து நிற்போரை அவர்தம் தாய்மாரிடம் நலமுடன் திருப்பித் தருவானாக. அதுவரை நம் கைகள் கயிற்றை விடாதிருக்க அருள்புரிவானாக. ஆமீன்.