மூளை எண்ணும் விதமும் பெரிய தொகைகளும்

ஒரு பிடி புளியங்கொட்டையைத் தரையில் போட்டுப் பாருங்கள். மூன்று விழுந்தால் பார்த்தவுடனேயே மூன்று என்று சொல்லிவிடலாம். கூட விழுந்தால், 'இருபத்தைந்து முப்பது இருக்கும்' என்றுதான் சொல்ல வரும்.

ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1871 இல் இப்படியொரு பரிசோதனையை வெளியிட்டார். பெட்டிக்குள் அவரைவிதைகளை எறிந்து, ஒரே பார்வையில் தொகையைச் சொன்னார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் இவ்வாறு செய்தார். மூன்று, நான்கு விதைகளில் ஒருமுறையேனும் பிழைக்கவில்லை. ஐந்திலிருந்து பிழைகள் தொடங்கின.

அதற்கு மேற்பட்ட தொகைகளை மூளை மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீடு விகிதத்தையே நம்பியிருக்கிறது. 10 பேருக்கும் 20 பேருக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரியும். 110 பேருக்கும் 120 பேருக்கும் இடையிலும் அதே பத்துப் பேர்தான். ஆனால் கண்ணுக்குப் படுவதில்லை.

இது பிறப்போடு ஒட்டிவரும் திறன் என்றே பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 2000 இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு மாதக் குழந்தைகள் 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்தினர். 8 இற்கும் 12 இற்கும் அவர்களால் முடியவில்லை. அமேசனில் வாழும் முண்டுருக்கு மக்களின் மொழியில் ஐந்துக்கு மேற்பட்ட எண்களுக்குப் பெயரில்லை. ஆனாலும் பெரிய புள்ளிக் கூட்டங்களில் எது பெரிது என்பதை அவர்கள் நன்றாகவே கூறியதாக 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது. துல்லியமாகக் கழிக்கும்படி கேட்டபோதுதான் தடுமாறினர்.

உயிர்களைக் குறித்தும் இதையொத்த போக்கு காணப்படுகிறது. உளவியலாளர் போல் ஸ்லோவிக் உள்ளிட்டோர் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், ருவாண்டா அகதிகள் 4,500 பேரைக் காக்கும் உதவித் திட்டம் முன்வைக்கப்பட்டது. 11,000 பேர் உள்ள முகாமில் அது பெறுமதியாகத் தெரிந்தது. 250,000 பேர் உள்ள முகாமில் அவ்வளவாகத் தெரியவில்லை. காக்கப்படும் உயிர்களோ இரண்டிலும் ஒன்றே.

இறுதிப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பதை மறுக்க இயலாது என 2011 இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. 2012 இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கை, 70,000 இற்கும் மேற்பட்டோர் கணக்கில் இல்லை எனும் தகவல்களைச் சுட்டியது. தூரத்திலிருந்து வாசிப்பவருக்கு இரண்டுமே 'பல்லாயிரம்' தான். இடையில் நிற்பதோ 30,000 மனிதர்கள். அவர்களைக் கண்ணால் மதிப்பிட எவருக்கும் இயலாது. பெயர், வயது, ஊர் எனப் பதிந்து ஒவ்வொருவராக எண்ணத்தான் வேண்டும்.