கழுதை செய்த குற்றம்

காட்டிலே கொள்ளைநோய். விலங்குகள் கூட்டம் கூட்டமாய் மடிகின்றன. அரசனாம் சிங்கம் அவை கூட்டுகிறது. நம்மில் பெரும்பாவி எவனோ அவனைப் பலியிட்டால் வானத்தின் சினம் தணியும் என்கிறது. தன் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறது: ஆடுகளைத் தின்றதாம், சில வேளை ஆயனையும் சேர்த்தே தின்றதாம்! உடனே நரி எழுகிறது. மன்னர் வாயில் மடிந்தது அந்த ஆடுகளுக்குப் பெருமையன்றோ என்று புகழ்மாலை சூட்டுகிறது. அவை ஆர்ப்பரிக்கிறது. புலியின் பாவத்தையும் கரடியின் பாவத்தையும் கிளற எவருக்கும் துணிவில்லை. கடைசியில் கழுதை வருகிறது. துறவிமடத்துப் புல்வெளி வழியே போனபோது, பசி தாளாமல், நாக்கின் அகலத்துக்குப் புல் கடித்ததாகச் சொல்கிறது. போதாதா? கொஞ்சம் படித்த ஓநாய் ஒன்று சட்டம் பேசுகிறது. பிறர் புல்லை மேய்ந்த மாபாதகத்துக்காகக் கழுதை கொல்லப்படுகிறது.

இது குழந்தைக் கதையாம்! பிரான்சு நாட்டுக் கவிஞர் லா ஃபோந்தேன் 1678-இல் வெளியிட்ட நீதிக்கதைத் தொகுதியின் வாயிலில் நிற்பது இக்கதை. அந்நாளில் பிரான்சை ஆண்டவன் பதினான்காம் லூயி. உழவன் முதுகில் ஏறிய முதன்மை வரியிலிருந்து பிரபுக்களுக்கு விலக்கு, குருமாருக்கும் விலக்கு. சிங்கம் யார், நரிகள் யார், நாக்களவு புல்லுக்காகச் செத்த கழுதை யார் என்பதை அந்நாட்டார்க்கு எவரும் உரை எழுதி விளக்க வேண்டியிருக்கவில்லை.

விலங்குகளின் வாயைக் கவிஞர் ஏன் கடன் வாங்கினார்? தம் வாயால் பேசிப் பார்த்தவர் அவர். நிதியமைச்சர் நிக்கோலா ஃபூக்கே அவரை ஆதரித்த வள்ளல். 1661 ஆகஸ்டு 17 அன்று ஃபூக்கே தம் புது மாளிகையில் மன்னனுக்கு விருந்து வைத்தார். மன்னனின் மாளிகையை மங்கவைக்கும் மாளிகை அது. மூன்று வாரம் கழியுமுன், செப்டம்பர் 5 அன்று, அவர் கைவிலங்கோடு நின்றார். நீதிபதிகள் 1664-இல் நாடுகடத்தல் போதும் என்றனர். மன்னனோ அதை ஆயுள் சிறையாக்கினான்! தண்டனையைக் குறைத்த மன்னர்களை வரலாற்றில் கண்டிருக்கிறோம். நீதிமன்றம் அளித்ததைத் தானே கூட்டியவனை இங்கே காண்கிறோம். ஃபூக்கே 1680-இல் சிறைக்கோட்டையிலேயே இறந்தார். அரசவைப் பாவலர் பலர் வாய்மூடியபோது, அவருக்காக இரங்கிப் பாட்டெழுதி மன்னனிடம் கருணை வேண்டியவர் லா ஃபோந்தேன். பலன் ஒன்றுமில்லை. 1668-இல் முதல் தொகுதி வந்தபோது ஓநாய் பேசிற்று, ஆட்டுக்குட்டி பேசிற்று, கவிஞர் ஒதுங்கி நின்றார். ஓடையின் கீழே நின்று குடித்த குட்டி மேலே நின்ற ஓநாயின் நீரைக் கலக்கிவிட்டதாம்! குட்டி எடுத்துவைத்த நியாயங்கள் அத்தனையும் நியாயங்களே. எதுவும் அதைக் காக்கவில்லை.

அத்தொகுதி ஆறு வயது இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இரண்டாம் தொகுதியின் முன்னுரையிலோ இந்திய அறிஞர் பில்பேக்குத் தாம் பெரிதும் கடன்பட்டதாகக் கவிஞர் கூறுகிறார். பில்பே என்ற பெயரில் அங்குப் போய்ச் சேர்ந்தது நம் பாட்டிமார் அறிந்த பஞ்சதந்திரக் கதைகளே. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழி புகுந்து, 1644-இல் பிரெஞ்சு உடை தரித்தன அவை. பறவைகள் தூக்கிச் சென்ற கோலை வாயால் கவ்விப் பறந்து, வாய் திறந்து விழுந்து செத்த ஆமையை லா ஃபோந்தேனிடமும் காணலாம். அரசகுமாரர்க்கு அரசியல் கற்பிக்கப் பிறந்த கதைகள், அரசனையே சிங்கமாக்கிக் காட்டும் கதைகளாய் மாறியது விந்தையன்றோ!

மூடநம்பிக்கையையும் அவர் விட்டுவைக்கவில்லை. விண்மீன் பார்த்து நடந்த சோதிடன் கிணற்றில் விழுகிறான். மாறாத ஒழுங்கில் செல்லும் வானத்துக்கும் ஆளுக்கு ஆள் மாறும் வாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று கவிஞர் வாதிடுகிறார். மற்றொரு கதையில் சிற்பி தானே செதுக்கிய தேவனைக் கண்டு தானே நடுங்குகிறான். பிணத்தோடு வண்டியில் சென்ற பாதிரியார் ஈமச் சடங்கின் வருமானத்தைக் கணக்கிட்டு மகிழும்போது, சவப்பெட்டி சரிந்து அவர் மண்டையைப் பிளக்கிறது. இது 1672-இல் நடந்த உண்மை விபத்தை ஒட்டி எழுந்த கதை.

ரூசோ 1762-இல் 'எமில்' என்னும் நூலில் இக்கதைகளைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாகாது என்றார். காக்கையை ஏய்த்த நரியைப் பார்த்துக் குழந்தை ஏய்க்கவே கற்கும். சிங்கத்தின் கதையைக் கேட்டுச் சிங்கமாகவே விரும்பும் என்பது அவர் அச்சம். வகுப்பறையில் நிற்கும் நாம் அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. கதையை ஒப்பித்து, அடியில் உள்ள நீதியை எழுதச் சொல்லிப் புத்தகத்தை மூடினால் ரூசோ சொன்னதே நடக்கும். ஆனால், கழுதை செய்த குற்றம் என்ன என்று ஒரு கேள்வியை வகுப்பில் போட்டுப் பாருங்கள்! பத்து வயதுச் சிறுவன் கூடச் சிங்கத்தின் கட்சி பேசமாட்டான். குறை கதையிலில்லை, பாடம் நடத்தும் முறையில் இருக்கிறது.

முதுமையில் கவிஞர் நோயுற்றார். விலங்குக் கதைகளல்லாமல், காதலும் குறும்பும் மிக்க வேறு கதைகளையும் அவர் பாடியிருந்தார். அவற்றில் மடத்துத் துறவிகளும் கேலிக்கு ஆளாயினர். 1693 பிப்ரவரியில், பாதிரியார் வற்புறுத்த, பிரெஞ்சுக் கழகத்தின் பேராளர்கள் முன்னிலையில், அக்கதைகளை எழுதியது தவறு என்று அவர் அறிவிக்க நேர்ந்தது. கதை எழுதியது பாவமாம். மன்னன் தொடுத்த போர்கள் பாவமல்லவாம்!

அதே ஆண்டு அறுவடை பொய்த்தது. 1693, 94-ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில், 2 கோடியைச் சற்றே கடந்த மக்களில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பிணக்குவியலுக்குப் பின், 1697-இல், ஷார்ல் பெரோவின் கதைநூல் வந்தது. அவ்வாண்டே டோல்னுவா சீமாட்டி வெளியிட்ட நூலின் தலைப்பு 'தேவதைக் கதைகள்' என்ற பெயரையே அவ்வகைக்கு வழங்கிற்று. மண்டபங்களில் சீமாட்டிகள் கூடித் தேவதைகளைப் பற்றிக் கதை புனைந்த காலம் அது.

பெரோ அரசாங்கத்தின் ஆள். மன்னனின் கட்டடப் பணிகளைக் கவனித்தவர். சிண்ட்ரெல்லா கதையின் முடிவில் அவர் வைத்த இரண்டாம் நீதி, அறிவும் துணிவும் இருந்தாலும் கைதூக்கிவிடப் பெரியவர் இல்லையேல் பயனில்லை என்பது. அரண்மனை வாழ்வின் அனுபவம் போலும்! அவருடைய செந்தொப்பிச் சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு கதை முடிகிறது. வயிற்றைக் கிழித்து மீட்கும் வேடன், 1812-இல் ஜெர்மனியின் கிரிம் உடன்பிறந்தார் தொகுப்பில்தான் வருகிறான்.

எனினும், பெரோவின் கட்டைவிரல் சிறுவன் கதையைக் கூர்ந்து படிக்க வேண்டும். விறகுவெட்டிக்கு ஏழு பிள்ளைகள். பஞ்சம். கண்ணெதிரே பிள்ளைகள் சாவதைக் காணப் பொறாமல் அவர்களைக் காட்டில் விட்டுவிட்டுத் தாயும் தந்தையும் திரும்புகிறார்கள். தேவதைக் கதைதான், பின்னால் அரக்கனும் வருகிறான், ஏழு காத மிதியடியும் வருகிறது. ஆனால் இந்தப் பசியைப் பெரோ கற்பனை செய்யவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நாடு முழுவதும் கண்டது அது. பெற்றோர் வீடு திரும்பியதும், ஊரின் பிரபு 10 வெள்ளி நாணயங்கள் அனுப்புகிறான். தானமல்ல, கருணையுமல்ல; நெடுநாளாய் அவர்களுக்குத் தரவேண்டியிருந்த கடன்! இனி வராது என்று அவர்கள் கைவிட்டிருந்த பணம். மனைவி ஓடிப்போய் இறைச்சி வாங்கி வருகிறாள். இருவர் உணவுக்கு வேண்டியதைப்போல் மும்மடங்கு. வயிறு நிறைந்த பிறகே பிள்ளைகளின் நினைவு வந்து அழுகிறாள். அந்தப் பத்து நாணயம் ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால் கதையே இல்லை. பிரபு ஏன் அவ்வளவு நாள் தரவில்லை என்று கதையில் எவரும் கேட்கவில்லை. பெரோ அதை ஒரே வாக்கியத்தில் கடந்து, அரக்கனைத் தேடிக் காட்டுக்குள் போய்விடுகிறார்.